மாடி லைசன்ஸில் இருந்த உன் பெயர்

திருநெல்வேலிக்குக் குடிபோன என் மகனுக்கு, மண்ணரை வீட்டை விட்டு நகராத உன் அம்மா எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் அது முடிவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் எனக்குக் குக்கர் கூப்பிட்டுவிடுகிறது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன், பிழை கண்டால் சிரித்துக்கொள். மருமகள் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சிரி, அவ்வளவுதான். நம் வீதியில் நாலு பேர் இதைப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். மாடியை நாள் வாடகைக்கு விடலாமா அக்கா, அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும் அக்கா என்று இப்போது ஆளாளுக்கு வந்து என்னைக் கேட்கிறார்கள். என்னையாம்! நீ கேட்டால் தரையில் உருண்டு சிரிப்பாய்.

நீ கிளம்பின அன்றைக்கு, ஆட்டோ வாசலில் நிற்கும்போது, ஒரு பச்சை ஃபைலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாய். "அம்மா, மாடிக்கு வாங்குன லைசன்ஸ் என் பேர்ல இருக்குதுங்க. நடத்தறவங்க அதே ஊட்டுல குடியிருக்கோணும்ங்கறது ரூல். நான் போயிட்டா அது செல்லாதுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள உங்க பேருக்கு மாத்தோணும், இல்லீன்னா மாடிய மூடிப்போடோணும். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "பொண்டாட்டிக்கு வேலை மாறுச்சுன்னு பொட்டி தூக்கற மொதோ ஆம்பளை நம்ம வகையறாவுலயே நீதான் கண்ணு. மொதல்ல உனக்கொரு லைசன்ஸ் வாங்கித் தரோணும்" என்றேன். மருமகள் சிரித்தாள், நீ சிரித்தாய், ஆட்டோக்காரரும் சிரித்தார். ஆட்டோ போய்விட்டது. ஃபைல் மேசை மேலேயே கிடந்தது. உன் அப்பா அதை ஒரு வாரம் சோற்றுக்குண்டாவுக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டார்.

மாடியை மூடுவதா, என் பேருக்கு வாங்குவதா. இந்த மாதம் பூராவும் எனக்கு இதே நினைப்புத்தான். மூடிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நீ அந்த லைசன்ஸை வாங்கின காலத்தில் உன்னை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு நான் இன்றைக்கு வரைக்கும் உன்னிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை.

மாடியில் குடியிருந்த பனியன் கம்பெனிக் குடும்பம் ஊருக்கே திரும்பிப் போனதும் இரண்டு ரூமும் பூட்டிக் கிடந்தன. நீ வேலை செய்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு, சரக்கு பேக்கிங் ஆவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஆள் வருவார்கள், மூன்று நாள் நான்கு நாள் தங்குவார்கள். லாட்ஜ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒருத்தருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, நீ நம் வீட்டுக்குக் கூட்டிவந்து ரசம் ஊற்றச் சொன்னாய். அப்படித்தான் ஆரம்பித்தது. நானும் உன் அப்பாவும் வர்றவங்க வரட்டும், தங்கட்டும், அவ்வளவுதானே என்றிருந்தோம். நீதான் கேட்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏற ஆரம்பித்தாய். தொழில் லைசன்ஸுக்கு மாநகராட்சி, மாடி மீட்டரை வீட்டு ரேட்டிலிருந்து கடை ரேட்டுக்கு மாற்ற மின்சார ஆபீஸ், வீட்டு வரியை மாற்ற இன்னொரு ஜன்னல், தகவல் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன், பதிவு பண்ணச் சுற்றுலா ஆபீஸ். அங்கிருந்து வந்த அம்மா நம் பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு வழுக்காத தரை போடச் சொன்னார்கள். இருபது வருடமாக நாங்கள் வழுக்கி வழுக்கித்தான் குளித்தோம், ஒருத்தரும் கேட்டதில்லை. மாடிப்படியில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரை மாட்டினாய், உன் அப்பா அதில் துண்டு காயப்போட்டார். "பொண்ணுப் பாக்கப் போற வயசுல மீட்டர் மாத்தப் போறானுங்க என்ற பையன்" என்று கோயில் வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். உன் காது சிவந்துபோனது. ஞாபகம் இருக்கிறதா?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நீ ஒரு நோட்டு கொண்டுவந்தாய் பார், அதில்தான் எனக்கும் உனக்கும் பெரிய சண்டை. வருகிறவர்கள் பேர், ஊர், வந்த நேரம், அடையாள அட்டையின் ஜெராக்ஸ், கையெழுத்து. "வாங்க, தண்ணி குடிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அட்டைய எடுங்கன்னு கேக்கறதா? இதென்ன செக்போஸ்ட்டா?" என்று கத்தினேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் எந்த ஊரு, எந்தக் கூட்டம், யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை என்று என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சீட்டைக் காட்டு என்று கேட்டால், நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்படித்தான் நான் வளர்ந்தேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "உள்ளூர்க்காரங்கன்னா அட்டைங்க. வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட், விசா ரெண்டும். அவங்க வந்து இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்தியாகோணும். நான் இல்லாதப்ப யாராச்சும் வந்தா போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புனாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்." நான் மண்டையை ஆட்டினேன். மண்டையை ஆட்டுவதற்கு லைசன்ஸ் வேண்டியதில்லையே.

அப்புறம்தான் ரோகிணி வந்தாள். நீ கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போயிருந்த வாரம். ஒரு கம்பெனியில் தையல் லைனுக்குப் பழக்கிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த பெண். வாசலில் பெட்டியோடு நின்று, "அக்கா, வரலாமா?" என்று தமிழில் கேட்டாள். அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். கைப்பையிலிருந்து அவளாகவே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். நான் அவள் கையோடு சேர்த்து அதைத் தள்ளிவிட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குக் கண்ணு. தமிழ் பேசற புள்ளைகிட்டச் சீட்டுக் கேப்பனா? உள்ள வா, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன்" என்றேன். என் மனசுக்குள் வெளிநாடு என்றால் வெள்ளைத் தோலும் இங்கிலீசும்தான். தமிழ் பேசுகிறவள், சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைகிறவள், எப்படி வெளிநாடு ஆவாள்? போட்டோவும் எடுக்கவில்லை, உனக்குப் போனும் போடவில்லை. நீ கூப்பிட்டு, "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டதற்கு, "நம்ம புள்ள ஒண்ணுதான் வந்திருக்குது" என்று சொன்னேன். யாரோ சொந்தக்காரர் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

நான்காம் நாள் டவுன் பஸ்ஸில் அவள் கைப்பை போய்விட்டது. பாஸ்போர்ட், விசா, போன் எல்லாம் அதற்குள். மூன்று நாளில் அவளுக்கு விமானம். அவள் மகள் பள்ளி விழாவில் முதல் தடவையாக மேடை ஏறி ஆடப்போகிறாள், அதற்குப் போய்ச் சேர வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் நாட்டு ஆபீஸில் வேறு காகிதம் வாங்கினால்தான் போக முடியும், அதற்குப் போலீஸில் எழுதித் தர வேண்டும். கம்பெனிக்காரர்கள் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார்கள், சொன்னாள். கம்ப்யூட்டரில் பார்த்தார்கள், இல்லை. இந்த ஊரில் அப்படி ஒரு ஆள் தங்கியிருப்பதாகவே இல்லை.

என்னை வரச்சொன்னார்கள். நானும் உன் அப்பாவும் போனோம். அங்கே இருந்த ஐயா மரியாதையாகத்தான் கேட்டார்: "இவங்க உங்க ஊட்டுலயா தங்கியிருக்கறாங்க? உங்களுக்கு யாருங்கம்மா இவங்க?" நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எங்க பெரியம்மா பேத்திங்க. சொந்தத்துலதானுங்க வந்திருக்குது" என்று ஒரு போடு போட்டேன். உன் அப்பா என் முந்தானையை இழுத்தார், நான் கையைத் தட்டிவிட்டேன். அந்த ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பெரியம்மா எப்பங்க கப்பல் ஏறுனாங்க?" என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். "அவங்க வாடகை ரூமுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க. நீங்க பேத்திங்கறீங்க. ரெண்டுல யாரு சொல்றது பொய்யுங்கம்மா?" என்றார். காணாமல் போன பாஸ்போர்ட் விஷயம் ஒரு நொடியில் வேறு விஷயமாகிவிட்டது. அரை மணியில் முடிய வேண்டியது, மத்தியானம் பூராவும் இழுத்தது. ரோகிணியை இன்னொரு ரூமில் உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டார்கள். பொய் சொன்னவள் நான், பதில் சொன்னது அவள்.

வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை கண்ணு. திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். "அக்கா, பை போன மாதிரி நானே போயிருந்தா? நான் இந்த ஊர்ல இருந்தேன்னு யாருக்குத் தெரியும்? என் மகள் வந்து தேடினா எங்கன்னு தேடுவா?" என்று கேட்டாள். நான் நாலு நாளும் அவளுக்கு வகைவகையாக ஆக்கிப்போட்டேன், தலைக்கு எண்ணெய்கூட வைத்துவிட்டேன். அவள் இங்கே இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் மல்லுக்கு நின்றதெல்லாம் எதற்கென்று அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. சந்தேகப்பட்டுக் கேட்கிறதில்லை அது. என் வீட்டில் ஒரு உயிர் இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு என்று ஊருக்குச் சொல்கிறது.

உன் அப்பா போன் போட்டுச் சொன்னதும், நீ சென்னையிலிருந்து வண்டி பிடித்து விடியற்காலையில் வந்து சேர்ந்தாய். முகம்கூடக் கழுவவில்லை, நேரே ஸ்டேஷனுக்குப் போனாய். பின்னாலேயே வந்து கதவோரம் நின்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "லைசன்ஸ் என் பேர்ல இருக்குதுங்க சார். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, சொல்லிக் குடுக்காதது என் தப்புங்க. என்ன நடவடிக்கைன்னாலும் என் மேல எடுங்க" என்றாய். சொல்லிக் கொடுக்காததா! மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாய், மூன்று தடவையும் நான் மண்டையை ஆட்டினேன். தாமதமாகப் பதிந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாய், எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டாய், இன்னொரு தடவை நடந்தால் லைசன்ஸ் ரத்து என்று அதில் இருந்தது. ரோகிணியைச் சென்னைக்கு நீயே கூட்டிப்போய் அவர்கள் நாட்டு ஆபீஸில் காகிதம் வாங்கி அனுப்பி வைத்தாய். ஆனாலும் இரண்டு நாள் பிந்திவிட்டது. மகள் ஆடியதை அவள் பார்த்தது போனில்தான், அதுவும் உன் போனில்.

இனி நான் வெட்கப்பட வேண்டியது. அந்த மாதமே பொங்கலூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். ஸ்டேஷனுக்குப் போனீங்களாமே என்று என் தங்கச்சி எல்லார் முன்னாலும் கேட்டாள். "என்ற பையன் பதியாம உட்டுட்டான், அதுனால வந்த வினை" என்று சொல்லிவிட்டேன். நீ பந்தியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "ஆமாங்க சித்தி, மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தாய். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனையோ பேரை வாயால் மடக்கியிருக்கிறேன், அன்றைக்கு வாயைத் திறக்க எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதிவிட்டேன். உன் சித்தியும் இதைப் படிக்கட்டும்.

இப்போது தெரிகிறதா, ஃபைல் ஏன் குண்டாவுக்கு அடியில் கிடந்தது என்று? நீ இருந்தபோதே என் கையால் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். நீயும் இல்லாமல், இங்கிலீசு எழுத்து ஒழுங்காக வராத நான் ஆன்லைனில் ஏத்தி, ஒரு எழுத்து மாறி, இன்னொருத்தி பெஞ்சில் உட்கார வேண்டுமா? "மூடிப்போடலாம் புள்ள. வயசான காலத்துல எதுக்கு?" என்றார் உன் அப்பா. யாருக்குங்க வயசாச்சு, உங்களுக்கா எனக்கா என்று சண்டை பிடித்தேனே தவிர, மனசு அவர் பக்கம்தான் இருந்தது.

மாற்றியது உன் பெண்டாட்டி. உனக்குத் தெரியாது, நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு நாள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து போன் போட்டாள். நான் என் பயத்தைச் சொன்னேன். "அத்தை, நீங்க பனியன் கம்பெனியில என்ன வேலைங்க பாத்தீங்க?" என்றாள். செக்கிங் என்றேன். "செக்கிங்ல என்னங்க பாப்பீங்க?" என்றாள். ஓட்டை, கறை, கடைசியாகச் சட்டைக்கு உள்ளே தைத்த லேபிள் சரியா என்று ஒப்புதல் கொடுத்த சாம்பிளோடு வைத்துப் பார்ப்போம் என்றேன். "அந்த லேபிள் எந்த பாஷைங்க அத்தை?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? ஜெர்மன்காரனுக்குப் போகிறது, பிரான்சுக்குப் போகிறது, எல்லாப் பாஷையும் வரும். ஒன்றும் படிக்கத் தெரியாது. சாம்பிளில் ஒரு விரலை வைத்து, பீஸில் ஒரு விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தள்ளிக்கொண்டே போவேன், மேலே ஒரு புள்ளி குறைந்தாலும் தூக்கி எறிந்துவிடுவேன். பதினாறு வருடத்தில் என் மேசையிலிருந்து ஒரு தப்பு லேபிள் போனதில்லை. "பாஸ்போர்ட்டும் அப்படித்தானுங்களே அத்தை" என்றாள் அவள். அந்தப் பெண் ஊசி போடுகிற கைக்காரி மட்டுமில்லை கண்ணு, நீ பெட்டி தூக்கினது தகும்.

போன வாரம் தைவானிலிருந்து நிட்டிங் மிஷின் மெக்கானிக் ஒருத்தர் வந்தார், நீ முன்னாலேயே எழுதி வைத்திருந்த புக்கிங். வாசலிலேயே நிறுத்திக் கையை நீட்டினேன். "பாஸ்போர்ட்" என்றேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். தண்ணீரும் கொடுத்தேன், அது அப்புறம். மேசையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் ஒரு விரல், போனில் ஒரு விரல். உன் அப்பா விசிறிக்கொண்டு நின்றார், கரண்டு இருக்கும்போதே. சைபர் எது, ஓ எது என்று ஒரு இடத்தில் நின்றுவிட்டேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து வந்தேன். ஏத்துவதற்கு முன்னால் போட்டோ பிடித்து மருமகளுக்கு அனுப்பினேன். "பாஸ் அத்தை" என்று எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக் சோபாவிலேயே தூங்கிவிட்டார், பாவம்.

அதற்கு மறுநாள் பச்சை ஃபைலை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுத்து வராது, பயம் என்றதெல்லாம் பாதிதான் உண்மை. ஃபைலைத் திறந்து பார்த்த முதல் நாளே மூன்றாவது பக்கத்தில் நீ தமிழில் டைப் அடித்து வைத்திருந்ததைப் படித்துவிட்டேன். 'முன்பு உரிமம் பெற்றிருந்த என் மகன் தற்போது இந்த வீட்டில் குடியிருக்கவில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய். மாடியை மூடிவிட்டால் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, நீ வேலையாக வெளியூர் போயிருக்கிறாய் என்றே நான் இருந்துகொள்ளலாம். இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். "ஏனுங்கம்மா, கையெழுத்து வராதுங்களா? ரேகை வெக்கறீங்களா?" என்றாள். "வருமுங்க, கொஞ்சம் இருங்க" என்றேன். நீ ஸ்டேஷனில் நின்றபோது என் தப்பைத் தூக்கி உன் பேரில் வைத்துக்கொண்டாய். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டுக்கு வந்த வெய்யிலையும் மழையையும் அந்தப் பேர்தான் தாங்கியது, இனி அது இறங்கி ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். போட்டுவிட்டேன். கையெழுத்துக் கோணலாகத்தான் வந்தது.

"அப்ப உங்க பையன் பேர எடுத்தர்லாமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"எடுத்துருங்க. அவன் இப்ப இங்க குடியில்லீங்க" என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவள் முத்திரையைக் குத்தி ரசீதை நீட்டி, "பையன் எங்கீங்க இருக்கறாரு?" என்று சும்மாதான் கேட்டாள். எனக்கோ நிறுத்த முடியவில்லை. திருநெல்வேலி என்றேன், மருமகள் நர்ஸ் என்றேன், மாடி வீடாம், ஜன்னலைத் திறந்தால் வேப்பமரமாம் என்றேன். பின்னால் நின்றவர் இருமும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த வீட்டில் சந்தோஷமாகக் குடியிரு கண்ணு. இந்த வீட்டுக்கு இனி நான் பொறுப்பு.